கணினிக்குள் ஒரு சுவர்

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்று. பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரம், நடுவில் நாலடி ஜன்னல். இதை ஆட்டோகேடில் வரையலாம், ஸ்கெட்ச்அப்பில் எழுப்பலாம், ரைனோ, ரெவிட், ஆர்க்கிகேட் எதிலும் செய்யலாம். திரையில் தெரிகிற படம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கோப்பைச் சேமித்து மூடிய பிறகு அந்தச் சுவரைப் பற்றி எதை நினைவில் வைத்திருக்கிறாய் என்று கேட்டால், ஒவ்வொரு மென்பொருளும் வேறு பதில் சொல்லும். ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகம் எந்த மென்பொருளுக்குப் போவது என்று முடிவெடுக்கும்போது, விலைப்பட்டியலையும் விற்பனையாளர் காட்டும் படங்களையும் எடுப்பதற்கு முன் இந்த நினைவைத்தான் விசாரிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பின்னால் வருகிற சௌகரியங்களும் சங்கடங்களும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஆட்டோகேடின் இருபரிமாண வரைபடத்தில் அந்தச் சுவர் இரண்டு இணைகோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, எந்த லேயர், என்ன நிறம், அச்சில் எவ்வளவு தடிமன்: இவ்வளவுதான் கோப்பில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 230 மி.மீ. இருப்பது வரைந்தவருக்குத் தெரியும், கோடுகளுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் செங்கல் நிற்கிறது என்பதும் கணினிக்குத் தெரியாது. பிளானில் ஜன்னலை ஓரடி நகர்த்தினால் எலிவேஷனில் அது பழைய இடத்திலேயே நிற்கும். பிளான், செக்‌ஷன், எலிவேஷன் மூன்றும் ஒன்றையொன்று அறியாத கோட்டுக் கூட்டங்கள். அவற்றைப் பொருத்தி வைத்திருப்பது டிராஃப்ட்ஸ்மேனின் கவனம் மட்டுமே.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. டிராயிங் போர்டில் டி-ஸ்கொயரும் செட் ஸ்கொயரும் வைத்து வரைந்த காலத்திலும் காகிதத்துக்கு இவ்வளவுதான் தெரியும். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில் ஜான் வாக்கரும் அவர் கூட்டாளிகளும் ஆட்டோகேடைக் காட்டியபோது, பெரிய கணினிகளில் மட்டும் நடந்துகொண்டிருந்த வரைகலையை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்ததே சாதனையாக இருந்தது. ஆனால் அதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே, 1963இல், எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் ஆய்வுக்காக எழுதிய ஸ்கெட்ச்பேட் நிரல் கோடுகளுக்கு உறவைக் கற்றுக்கொடுத்திருந்தது. டிஎக்ஸ்-2 கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் வரைந்துவிட்டு, இந்தக் கோடு அந்தக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும், இவை இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டால், நிரல் அந்த நிபந்தனைகளைத் தானே தீர்த்து வடிவத்தைச் சரிசெய்யும். மூலப்படம் ஒன்றைத் திருத்தினால் அதன் பிரதிகள் எல்லாம் திருந்தும். ஆட்டோகேடில் அப்படிப்பட்ட நிபந்தனைகளைக் கோடுகளுக்கு இடும் வசதி 2010ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. நல்ல யோசனை பிறந்தும் அது ஆட்டோகேடை எட்ட இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அடுத்து ஸ்கெட்ச்அப். அமெரிக்காவின் கொலராடோவில் அட்லாஸ்ட் என்ற சிறு நிறுவனம் 2000இல் வெளியிட்டது. 2006இல் கூகுள் வாங்கியது, 2012இல் டிரிம்பிளுக்குக் கைமாறியது. இதில் நம் சுவர் முகங்களும் விளிம்புகளும் சேர்ந்த ஓர் உறை. தரையில் செவ்வகம் வரைந்து அதைப் பிடித்து மேலே இழுத்தால் சுவர் எழும்பும். அந்த ஒரே அசைவுதான் இந்த மென்பொருளை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வீடு கட்டப் போகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர் பேசப் பேசவே போர்ட்டிகோவை நீட்டிக் காட்டலாம். அந்த உரையாடலுக்கு இதைவிட நல்ல கருவி இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த உறைக்கு வளைவு தெரியாது. ஸ்கெட்ச்அப்பின் வட்டம் உண்மையில் ஒரு பலகோணம். நாம் மாற்றாத வரை அதற்கு 24 பக்கங்கள். பள்ளிக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 10 மீட்டர் ஆரமுள்ள வட்டக் கூடம் ஒன்றை இப்படி வரைந்தால், ஒவ்வொரு பக்கத்தின் நடுப்பகுதியும் உண்மையான வட்டத்திலிருந்து சுமார் 86 மி.மீ. உள்ளே விழும். பரப்பளவு 1.1 சதவீதம் குறையும். பக்கங்களை 96 ஆக்கினால் பிழை 5 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும், ஆனால் கோப்பு கனக்கும். திரையில் கண்ணுக்கு இரண்டும் வட்டம்தான். அந்த மாதிரியிலிருந்து அளவெடுத்துக் கண்ணாடியோ கிரில்லோ ஆர்டர் கொடுத்தவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

உண்மையான வளைவு வேண்டுமென்றால் அதற்கு வேறு கணிதம் இருக்கிறது. 1950களின் கடைசியிலும் 1960களிலும் பிரான்சின் இரண்டு கார் ஆலைகளில், ரெனோவில் பியர் பெசியேவும் சித்ரோவெனில் பால் தெ காஸ்தெல்ஜோவும், தனித்தனியே அதன் அடித்தளத்தைப் போட்டார்கள். சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வைத்துவிட்டால், அவை இழுக்கும் திசைக்கு ஏற்ப வளைவு தானே உருவாகும். அந்தப் புள்ளிகளுக்கு எடையும் கொடுத்தால் வட்டத்தைக்கூடத் துளிப் பிழையில்லாமல் எழுதிவிடலாம். எடையில்லாத பல்லுறுப்புக் கோவைகளால் அது முடியாத காரியம். நர்ப்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த முறைதான் 1998இல் சியாட்டிலிலிருந்து வந்த ரைனோவின் உயிர். ஃபிராங்க் கெரியின் அலுவலகம் போர்விமானங்களுக்காகப் பிறந்த கேட்டியா மென்பொருளைக் கொண்டு ஸ்பெயினின் பில்பாவோ கூகன்ஹைம் அருங்காட்சியகத்தின் மேற்பரப்புகளை வரையறுத்து 1997இல் கட்டி முடித்ததும் இதே வகைக் கணிதத்தின் துணையோடுதான். 2007இல் டேவிட் ரட்டன் எழுதிய கிராஸ்ஹாப்பர் வந்த பிறகு, வடிவத்தைக் கையால் இழுக்காமல் விதிகளாக எழுதி, ஓர் எண்ணை மாற்றினால் கூரை முழுதும் மாறும்படி செய்யவும் ரைனோவில் முடிகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பும் பள்ளிக்கூடமும் வரைகிற அலுவலகத்துக்கு இது தினசரித் தேவையில்லை. மடிந்து வளையும் கூரையையோ முகப்பையோ எடுத்துக்கொண்டவர்களுக்கு வேறு வழியில்லை.

இங்கே எல்லா மென்பொருளுக்கும் பொதுவான ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சர்வேயர் கொடுத்த கோப்பைத் திறந்ததும் திரையில் கோடுகள் நடுங்குவதையும் ஹாட்ச் நிரம்ப மறுப்பதையும் பலர் பார்த்திருப்பார்கள். வைரஸ் என்றும் கிராஃபிக்ஸ் கார்டு கோளாறு என்றும் சொல்லிவிடுவது வழக்கம். காரணம் எண்களின் நீளம். கிராஃபிக்ஸ் கார்டு திரைக்குப் படம் போடும்போது பெரும்பாலும் 32 பிட் எண்களைக் கையாள்கிறது. அதில் இலக்கங்களுக்காகக் கிடைப்பது 24 பிட், அதாவது தசமத்தில் ஏழு இலக்கங்கள் சொச்சம். சென்னையில் உள்ள மனையை யூடிஎம் என்ற உலக ஆயமுறையில் அளந்தால் அதன் வடக்கு அளவு பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 14,45,000 மீட்டர். இவ்வளவு பெரிய எண்ணை 32 பிட்டில் எழுதும்போது, ஒரு எண்ணுக்கும் அதற்கு அடுத்ததாக எழுத முடிந்த எண்ணுக்கும் நடுவில் எட்டில் ஒரு மீட்டர் இடைவெளி விழுகிறது: 125 மி.மீ. நாலரை அங்குலச் சுவரின் தடிமன் அதைவிடக் குறைவு! கோப்புக்குள் 64 பிட்டில் அளவுகள் துல்லியமாகவே இருந்தாலும் திரைக்கு வரும் வழியில் அந்தத் துல்லியம் கரைந்துவிடலாம். மனையின் ஒரு மூலையைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, உலக அளவைத் தனியே குறித்து வைப்பதுதான் மருந்து. ரெவிட் இதைக் கண்டிப்பாகவே கேட்கிறது. அதன் உள் மையத்திலிருந்து 16 கி.மீ. ஆரத்துக்குள் மாதிரி அடங்க வேண்டும். எந்த மென்பொருளைச் சோதித்தாலும் சர்வே கோப்பு ஒன்றை அதற்குள் கொண்டுவந்து பார்ப்பது ஆரம்பத்திலேயே செய்ய வேண்டிய வேலை.

இனி ரெவிட்டுக்கும் ஆர்க்கிகேடுக்கும் வருவோம். பிம் (பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்) என்று இன்று எல்லோரும் சொல்கிற முறையின் இரண்டு பெரிய பெயர்கள் இவை. கோடுகளை விட்டுவிட்டுக் கட்டடத்தையே கணினியில் விவரித்து வைத்தால் வேண்டிய வரைபடங்களை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன் 1975லேயே எழுதிவிட்டார். அதை விற்பனைக்கு வரும் பொருளாக்கியது ஹங்கேரி. 1982இல் புடாபெஸ்டில் காபோர் போயார் தொடங்கிய கிராஃபிசாஃப்ட் நிறுவனம், ஆப்பிள் கணினிகளுக்காக ஆர்க்கிகேடை உருவாக்கியது. ரெவிட் பின்னால் வந்தது. இயந்திர பாகங்கள் வடிவமைக்கும் மென்பொருளில் அனுபவம் பெற்ற லியோனிட் ரைஸ், இர்வின் ஜங்கிரைஸ் இருவரும் 1997இல் மாசச்சூசெட்ஸில் ஆரம்பித்த முயற்சி 2000இல் வெளியானது. 2002இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கிக்கொண்டது.

இவற்றில் நம் சுவர் ஒரு பதிவு. நான் சுவர், என் வகை ஒன்பது அங்குலச் செங்கல், இரு பக்கமும் பூச்சு உண்டு, என் அடி தரைத்தள மட்டத்தில், என் தலை முதல்தள மட்டத்தில், என் மேல் ஒரு ஜன்னல் உட்கார்ந்திருக்கிறது: இப்படி எழுதப்பட்டிருக்கும். பிளான் என்பது இந்தப் பதிவுகளைக் கிடைமட்டமாக வெட்டிப் பார்த்த காட்சி. செக்‌ஷன் செங்குத்தாக வெட்டியது. ஜன்னல் அட்டவணை அதே பதிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தது. எதில் திருத்தினாலும் திருந்துவது அடியில் இருக்கும் பதிவு, ஆகவே எல்லாக் காட்சிகளும் சேர்ந்தே திருந்தும்.

பதிவுகளுக்கு இடையே யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்ற உறவு வலையும் உள்ளே இருக்கிறது. கல்யாணத் தேதி மாறினால் மண்டபம், சமையல்காரர், நாதஸ்வரம், ஊரிலிருந்து வரும் வேன் என்று யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்ற பட்டியல் வீட்டுப் பெரியவர் ஒருவர் மனதில் இருக்குமே, அது போல. ஒரு மட்டம் நகர்ந்தால் அந்த வலை வழியாகச் செய்தி போகும். பாதிக்கப்பட்டவை மட்டும் மறுபடி கணக்கிடப்படும். இயந்திர வடிவமைப்பு மென்பொருள்களில் பாகம் உருவான வரிசையையே முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. ஆயிரக்கணக்கான சுவர்களும் கதவுகளும் உள்ள கட்டடத்துக்கு அது கட்டுப்படியாகாது. ரெவிட்டை எழுதியவர்கள் அந்த வரிசையைக் கைவிட்டு இந்த வலையைப் பிடித்ததே அவர்களுடைய பெரிய காரியம்.

இதன் பயனைப் படிக்கட்டில் பார்க்க வேண்டும். தளத்துக்குத் தளம் பத்தடி என்று ஒரு வீடு. 120 அங்குலம், ஆறு அங்குல ரைசர் இருபது. இரண்டு ஃப்ளைட், ஒவ்வொன்றிலும் பத்து. பாதி வேலை முடிந்திருக்கும்போது, ஃபால்ஸ் சீலிங் வேண்டும், உயரத்தை அரை அடி கூட்டிவிடுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். இப்போது 126 அங்குலம். ஆறு அங்குலத்திலேயே நிற்க வேண்டுமானால் ரைசர் இருபத்தொன்று. ஒரு ஃப்ளைட்டில் ஒரு படி கூடும். படியின் அகலம் பத்து அங்குலம் என்றால் லேண்டிங் பத்து அங்குலம் தள்ளிப் போகும். அங்கே இருந்த ஜன்னல் இடிக்கும். லேண்டிங் பீம் நகரும். படிக்கு அடியில் வைத்திருந்த கழிவறையின் கதவுத் தலைப்பு மாறும். சுவர்களெல்லாம் அரை அடி உயர்வதால் செங்கல், பூச்சு, பெயின்ட் எல்லாவற்றின் கணக்கும் ஏறும். இருபரிமாண வரைபடத்தில் இவை ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் நினைவு வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளிலும் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டால் அதைக் கண்டுபிடிப்பது சைட்டில் ஷட்டரிங் அடிக்கும் மேஸ்திரியாகத்தான் இருக்கும்.

பதிவு முறையில் மட்டத்தை அரை அடி உயர்த்தியதும் அதோடு கட்டிய சுவர்களும் தூண்களும் தாமே வளரும். செக்‌ஷன்களும் எலிவேஷன்களும் மாறிவிடும். அளவுப் பட்டியல் புதிய எண்ணைக் காட்டும். படிக்கட்டு மட்டும் அப்படித் தானாகச் சரியாகிவிடாது. இருபது ரைசரையே வைத்துக்கொண்டு உயரத்தை 6.3 அங்குலமாகப் பங்கிடப் பார்க்கும், அல்லது அலுவலகம் உச்ச அளவாக ஆறு அங்குலம் என்று விதித்திருந்தால் எச்சரிக்கை கொடுக்கும். இருபத்தொன்றாவது படியைப் போடுவதா, லேண்டிங்கை எங்கே கொண்டுபோவது என்பதெல்லாம் ஆர்க்கிடெக்டின் தீர்மானம். ஆனால் தீர்மானிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்பது அன்றைக்கே, மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. இந்த முறையின் மதிப்பு முழுவதும் அந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது என்பேன்.

மருத்துவமனை போன்ற கட்டடத்தில் அந்த மதிப்பு பல மடங்கு. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏசி டக்ட், தீயணைப்புக் குழாய், ஆக்சிஜன் குழாய், கேபிள் ட்ரே என்று எல்லாம் ஒரே இரண்டடிக்குள் போட்டி போடும். ஒவ்வொன்றையும் வரைவது வேறு வேறு ஆலோசகர். எல்லா மாதிரிகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து எது எதை முட்டுகிறது என்று தேடுவதைத்தான் க்ளாஷ் டிடெக்‌ஷன் என்கிறார்கள். பத்தாயிரம் பொருள்கள் இருந்தால் ஒப்பிட வேண்டிய ஜோடிகள் ஏறக்குறைய ஐந்து கோடி. அத்தனையையும் நுணுக்கமாக உரசிப் பார்த்தால் நாள் போதாது. அதனால் கணினி ஒவ்வொரு பொருளையும் மேலோட்டமாக ஒரு செவ்வகப் பெட்டிக்குள் அடைத்து, எந்தப் பெட்டிகள் ஒன்றையொன்று தொடுகின்றன என்று மட்டும் முதலில் பார்க்கிறது. இடத்தையும் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்துக்கொள்வதால் கீழ்த்தளக் குழாயை ஐந்தாம் தளத்துப் பீமோடு ஒப்பிட வேண்டியதே இல்லை. மிஞ்சுகிற சில ஆயிரங்களுக்குத்தான் துல்லியமான சோதனை. இரண்டு கோட்டுக் கூட்டங்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. கோடு கோட்டை வெட்டுவது வரைபடத்தில் சாதாரணம், அதில் எது மோதல் என்று எப்படிச் சொல்வது?

இவ்வளவு நன்மை இருந்தால் எல்லோரும் உடனே மாறிவிட வேண்டியதுதானே என்று தோன்றலாம். அவசரப்பட வேண்டாம் என்பேன். சுவருக்கு இத்தனை விவரம் தெரிய வேண்டுமானால் யாராவது அதைச் சொல்லியாக வேண்டும், அதுவும் ஆரம்பத்திலேயே. பென்சில் கோட்டில் பூச்சுத் தடிமனை யோசிக்காமல் நான்கு யோசனைகளை அரை மணியில் போட்டுப் பார்ப்போம். பதிவு முறை ஒவ்வொரு சுவரிடமும் நீ என்ன வகை என்று கேட்கிறது. முடிவு செய்யாததையும் முடிவு செய்ததுபோல் காட்டிவிடுகிறது. தவறான விவரத்தையும் அதே வேகத்தில் எல்லாத் தாள்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இளையவர்கள் கதவுக் கைப்பிடியின் திருகு வரை மாதிரியில் செய்துவிட்டு, திறக்கவே பத்து நிமிடம் எடுக்கும் கோப்பை உருவாக்கிவிடுவதும் உண்டு. நம் ஊர்க் கட்டுமானத்துக்கு ஏற்ற ஜன்னல், கதவு, சன்ஷேட், லாஃப்ட் எல்லாம் வெளிநாட்டு நூலகத்தில் கிடைக்காது, உட்கார்ந்து செய்துகொள்ள வேண்டும். டெம்ப்ளேட் ஒன்றை ஒழுங்காக அமைக்க அனுபவமுள்ள ஒருவர் சில மாதங்களாவது பொறுப்பெடுக்க வேண்டும். மாறும் காலத்தில் வேலையின் வேகம் முதலில் குறையத்தான் செய்யும். லைசென்ஸ் கட்டணத்தை மட்டும் கணக்குப் பார்த்து இந்தச் செலவை மறந்த அலுவலகங்கள் பாதியில் பழைய வழிக்கே திரும்பிவிடுகின்றன.

இன்னொரு கேள்வி, வரைபடம் யாருக்குப் போகிறது என்பது. நம் ஊரில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், காண்ட்ராக்டர், கிரில் அடிப்பவர், அனுமதிக்கு விண்ணப்பிக்கும் உள்ளாட்சி அலுவலகம் என்று பெரும்பாலோர் இன்றும் கேட்பது ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பு அல்லது பிடிஎஃப். அவர்களுக்கு ரெவிட் கோப்பைக் கொடுத்தால் திறக்க முடியாது. சிங்கப்பூரில் நிலைமை வேறு. 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்குப் பிம் மாதிரியாகவே சமர்ப்பிக்க வேண்டும் என்று அங்கே அரசு விதித்தது. பிரிட்டனில் 2016 ஏப்ரல் முதல் மத்திய அரசுக் கட்டுமானங்களுக்கு அது கட்டாயமானது. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து அந்த நாடுகளுக்கு மாதிரி செய்து கொடுக்கும் நிறுவனங்கள் ரெவிட்டில் வேலை செய்வது தங்கள் விருப்பத்தைக் கேட்டு அல்ல, வாங்குபவர் கேட்பதால். ஆலோசகர்கள் ரெவிட் வைத்திருந்தால் அவர்களோடு ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த ரெவிட் கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது, பழைய பதிப்புக்கு மாற்றிச் சேமிக்கவும் வழியில்லை. மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: ரெவிட் விண்டோஸில் மட்டுமே ஓடும், ஆர்க்கிகேட் இரண்டிலும் ஓடும்.

மென்பொருள்களுக்கு நடுவே பேசிக்கொள்ளப் பொதுமொழி ஒன்று இருக்கிறது. ஐஎஃப்சி எனப்படும் அந்த வடிவம் 1990களில் தொடங்கி 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்ற எண்ணில் முழுமையான உலகத் தரமானது. ரெவிட்டில் செய்த சுவர் ஐஎஃப்சி வழியாக ஆர்க்கிகேடுக்குப் போனால், சுவர் என்ற அடையாளமும் உருவமும் பொருள் விவரங்களும் பெரும்பாலும் போய்ச் சேரும். போகாதது உறவு வலை. அங்கே மட்டத்தை நகர்த்தினால் இங்கே வளர்ந்ததுபோல் அது வளரும் என்று நம்ப முடியாது. பார்ப்பதற்கும் அளப்பதற்கும் மோதல் தேடுவதற்கும் ஐஎஃப்சி போதும். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் வடிவமைப்பைத் தொடர்வதற்குப் போதாது. "எல்லாவற்றோடும் ஒத்துழைக்கும்" என்று விளம்பரம் சொன்னால் எந்த அளவுக்கு என்று கேட்க வேண்டும்.

டிடபிள்யூஜி ஆட்டோடெஸ்குக்குச் சொந்தமான வடிவம். ஆனால் 1998இல் உருவான கூட்டமைப்பு ஒன்று அதைப் பிரித்துப் படித்து, மற்றவர்களும் எழுதவும் திறக்கவும் நிரல் நூலகம் செய்து வைத்தது. பிரிக்ஸ்கேட் போன்ற மாற்றுகள் அதே கோப்பில் குறைந்த விலைக்கு வேலை செய்ய முடிவது இப்படிப்பட்ட முயற்சிகளால்தான். 2020இல் ஆட்டோடெஸ்கே அந்தக் கூட்டமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்தது. ரெவிட்டின் கோப்புக்கு இந்த அளவு சுதந்திரம் இன்னும் இல்லை. இதற்கும் லைசென்ஸுக்கும் தொடர்பு உண்டு. ஒருமுறை வாங்கினால் என்றைக்கும் பயன்படுத்தலாம் என்ற முறையை ஆட்டோடெஸ்க் 2016இல் புதியவர்களுக்கு நிறுத்தியது. ஸ்கெட்ச்அப் 2020இல் நிறுத்தியது. ரைனோ இன்னும் அப்படி விற்கிறது. சந்தா முறையில் கட்டணம் கட்டுவதை நிறுத்தினால், பழைய வேலைகளின் கோப்புகள் உங்கள் வன்தட்டில் இருக்கும், அவற்றைத் திருத்தும் கருவி இருக்காது. 2020 ஜூலையில் ஜாஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ் உள்ளிட்ட பிரிட்டிஷ் அலுவலகங்கள் சேர்ந்து ஆட்டோடெஸ்க் தலைமைக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதின. கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, ரெவிட் அதற்கேற்ப முன்னேறவில்லை என்பது குறை. அவ்வளவு பெரிய பெயர்களாலும் கடிதம்தான் எழுத முடிந்தது, மென்பொருளை விட்டு உடனே வெளியேற முடியவில்லை என்பதைச் சிறு அலுவலகம் வைத்திருப்பவர்கள் ஆழ்ந்து யோசிக்க வேண்டும். திருட்டுப் பிரதியில் ஓட்டுவது இதற்கு மாற்று ஆகாது. சட்டச் சிக்கல் ஒருபுறம், வாடிக்கையாளரின் வரைபடங்களை யாரோ உடைத்துக் கொடுத்த நிரலிடம் ஒப்படைப்பது இன்னொருபுறம். பிளெண்டருக்குள் இயங்கும் பொன்சாய், ஃப்ரீகேட் என்று கட்டற்ற மென்பொருள்கள் ஐஎஃப்சியையே மூலக் கோப்பாக வைத்து வளர்ந்துவருகின்றன. கல்லூரி மாணவர்கள் அவற்றில் இப்போதே கை வைக்கலாம்.

என்னிடம் கேட்டால், ஐந்தாறு பேர் சேர்ந்து வீடுகளும் சிறு கடைகளும் வரைகிற அலுவலகத்துக்கு நல்ல இருபரிமாண மென்பொருள் ஒன்றும் ஸ்கெட்ச்அப்பும் இன்றும் நியாயமான தேர்வு. அதைப் பின்தங்கிய நிலை என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒரே ஆள் பிளானும் செக்‌ஷனும் வரைகிற இடத்தில் அவர் நினைவே உறவு வலையாக வேலை செய்துவிடும். வரைவது ஒருவர், திருத்துவது இன்னொருவர், சைட்டுக்குப் போவது மூன்றாமவர் என்று ஆனதும் அந்த நினைவு உடைகிறது. பள்ளி, மருத்துவமனை, அடுக்குமாடி என்று வேலை வளர்ந்து, திருத்தங்களில் விடுபட்டவை சைட்டில் உடைத்துக் கட்டும் செலவாக வரத் தொடங்கினால் பிம்முக்குப் போகும் காலம் வந்துவிட்டது. அப்போதும் எல்லா வேலையையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. புதிய வேலை ஒன்றை எடுத்து, ஆர்வமுள்ள இருவரிடம் கொடுத்து ஆரம்பிக்கலாம். ரெவிட் எல்டி விலை குறைவு என்று அதை எடுப்பவர்கள், பலர் ஒரே மாதிரியில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் வசதி அதில் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

சோதனைப் பிரதியை வாங்கி முப்பது நாள் புது வீடு ஒன்றை அழகாக வரைந்து பார்ப்பதில் பெரிதாக ஒன்றும் தெரியவராது. எந்த மென்பொருளிலும் புதிதாக வரைவது சுகமாகத்தான் இருக்கும். கட்டி முடிந்த பழைய வேலை ஒன்றை எடுங்கள். அதில் வீட்டுக்காரர் கேட்ட திருத்தங்கள், இன்ஜினியர் கேட்ட திருத்தங்கள் எல்லாம் அலுவலகக் கடிதங்களில் இருக்கும். முதல் வரைபடத்தை மட்டும் மென்பொருளில் ஏற்றிவிட்டு, அந்தத் திருத்தங்களை வந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்துபாருங்கள். உயரத்தை அரை அடி கூட்டுங்கள். ஒரு தூணை நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை தாள்களைக் கையால் தொட வேண்டியிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிடபிள்யூஜியாக மாற்றி வழக்கமான ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு அனுப்பி, லேயர்கள் ஒழுங்காக வந்திருக்கின்றனவா, எழுத்துகள் சிதைந்திருக்கின்றனவா, அளவுகள் சரியாக இருக்கின்றனவா என்று அவரிடமே கேளுங்கள். அலுவலகத்தில் உள்ள மிகப் பழைய கணினியிலும் கோப்பைத் திறந்து பாருங்கள். ஐஎஃப்சியாக எடுத்து, வேறொரு இலவசப் பார்வைக் கருவியில் திறந்து, கதவுகளின் எண்ணிக்கையும் சுவர்களின் பரப்பும் அதே எண்களாக வருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையை விற்பனையாளரைக் கொண்டு செய்ய வைக்காமல், நாளைக்கு இதில் உட்காரப் போகிற டிராஃப்ட்ஸ்மேன் கையால் செய்ய வைக்க வேண்டும்.